மாதச் செலவில் எதற்கு வரி, எதற்கு இல்லை: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வீட்டின் ஒரு மாத ரசீதுகளை எடுத்துவைத்துக்கொண்டு, எந்தச் செலவில் விற்பனை வரி சேர்ந்திருக்கிறது, எதில் சேரவில்லை, சேர்ந்தது சரியான அளவுதானா என்று பார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். விற்பனை வரி என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்லப்படுவது இப்போது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. ஆகும். இங்குள்ள விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்தவை. அன்று முதல் 12, 28 சதவீத விகிதங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு, அன்றாடப் பொருள்கள் வரியின்மை, 5 சதவீதம், 18 சதவீதம் என்ற மூன்றுக்குள் வந்துவிட்டன. தங்க நகைக்கு 3 சதவீதமும், சில பானங்கள் போன்றவற்றுக்கு 40 சதவீதமும் தனியாக நிற்கின்றன.

காட்பாடியில் ஒரு மளிகைக் கடையின் கணக்கைப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். பிறகு மகளிர் குழுக்களில் கணக்கெழுதப் புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கேட்டது விகிதப் பட்டியலைத்தான். பட்டியலில் தொடங்கியவர்கள் எல்லோரும் வழுக்கினார்கள், ஏனென்றால் ஒரே தயிர், ஒரே அரிசி, ஒரே பரோட்டா, விற்றவரையும் கட்டிய விதத்தையும் பொறுத்து வரி உள்ளதாகவோ இல்லாததாகவோ மாறுகிறது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

ஒரு மாத ரசீதுகள், ஒரு நோட்டு, இணைய வசதி உள்ள கைபேசி ஆகியவற்றோடு, வாங்கிய பொருள்களின் காலி உறைகளும் வேண்டும். உறைகளை எறிந்துவிட்டு வருவதுதான் முதல் தவறு. எடை, அதிகபட்ச சில்லறை விலை, கட்டிய தேதி ஆகியவை உறையில்தான் இருக்கின்றன, ரசீதில் ‘து.பருப்பு 1’ என்று மட்டும் இருந்தால் அது கட்டிய பையா, சாக்கிலிருந்து அளந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையாக இருந்தாலும், 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால் தனி ரசீது போட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எனவே சிறு தொகையானாலும் கேட்டு வாங்குங்கள்.

நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: பொருள், விற்றவர் வகை, கட்டியதா அளந்ததா, கொடுத்த தொகை, விகிதம். விகிதக் கட்டத்தைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும்.

2. முதலில் விற்றவரைப் பாருங்கள்

வரி வாங்கும் உரிமை எல்லாக் கடைக்கும் கிடையாது. ரசீதின் மேற்பகுதியைப் பார்த்து, விற்றவரைப் பின்வரும் மூவரில் ஒருவராக அடையாளம் காணுங்கள்.

பதிவே இல்லாதவர் ஒருவர். பொருள் மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும் வரையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தைத் தாண்டும் வரையும் பொதுவாகப் பதிவு தேவையில்லை. நேதாஜி மார்க்கெட்டில் தரையில் விரித்து விற்பவரும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரும் பெரும்பாலும் இந்த வகை. இவர்கள் ரசீதில் வரி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கக் கூடாது.

அடுத்தவர், இணக்கமுறை என்னும் சலுகைத் திட்டத்தில் பதிவு பெற்றவர். நம் கடைத்தெருக்களில் இவர்கள் நிறைய உண்டு. தங்கள் விற்றுமுதலில் ஒரு சிறு பங்கை, வணிகரானால் 1 சதவீதமும் உணவகமானால் 5 சதவீதமும், சொந்தக் கையிலிருந்து அரசுக்குக் கட்டுகிறார்கள். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க இவர்களுக்கு உரிமை இல்லை என்ற அறிவிப்பு கடையிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். இவர்கள் தருவது வழங்கல் ரசீது. அதில் வரிக்கென்று ஒரு கட்டமே இருக்காது. இதைத் தெரியாமல், ‘ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதே, அப்படியானால் 5 சதவீதம்’ என்று கணக்கெழுதியவர்களைப் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

மூன்றாமவர் முழுப் பதிவு பெற்றவர். இவருடைய ரசீதுக்கு மட்டுமே அடுத்த படிகள் தேவை.

பதிவு எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். அடுத்த பத்து அந்த வணிகரின் பான் எண். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்க வேண்டும். சித்தூருக்குப் போய் வாங்கி வந்த ரசீதில் 37 என்று இருப்பதைப் பார்த்துப் போலி என்று பதறியவர்கள் உண்டு. அது ஆந்திரத்தின் எண், வரி விகிதம் இரு பக்கமும் ஒன்றுதான். ஐயம் இருந்தால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் எண்ணை இடுங்கள். கடையின் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும், அவர் இணக்கமுறையில் இருக்கிறாரா என்பதும் உடனே தெரிந்துவிடும்.

3. ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பவற்றை ஒதுக்குங்கள்

பெட்ரோல், டீசல், மதுபானம் ஆகிய மூன்றும் ஜி.எஸ்.டி.க்குள் இல்லை. அவற்றின் மீது மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி உண்டு. பெட்ரோலிலும் டீசலிலும் மத்திய அரசின் கலால் வரியும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க் ரசீதில் வரி தனியாகக் காட்டப்படாததால் இதை வரியில்லாத செலவாக எழுதிவிடாதீர்கள். மின்கட்டணத்தில் மின்சாரத்திற்கு ஜி.எஸ்.டி. இல்லை. சமையல் எரிவாயு ஜி.எஸ்.டி.க்கு உட்பட்டது: வீட்டு உருளைக்கு 5, கடைக்கான வணிக உருளைக்கு 18.

4. மளிகையில் கட்டியதையும் அளந்ததையும் பிரியுங்கள்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. அரிசி, கோதுமை, மைதா, ரவை, பருப்பு வகைகள், வெல்லம், பொரி, தேன் ஆகியவற்றை அளந்து கொடுத்தால் வரி இல்லை. அதே பொருளை 25 கிலோவுக்கு மிகாத உறையில் முன்கூட்டியே கட்டி, விவரச்சீட்டு ஒட்டி விற்றால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் இதுதான் விதி. பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளா என்பது இப்போது கேள்வியே இல்லை. எடை, விலை முதலியவற்றை அச்சிட வேண்டிய கட்டாயத்திற்கு உட்பட்ட உறையா என்பதே கேள்வி.

லாங்கு பஜார் அரிசி மண்டிகளில் 26 கிலோ மூட்டை ஏன் அடுக்கியிருக்கிறது என்பதற்கு விடை இந்த விதியில் இருக்கிறது. 25 கிலோவைத் தாண்டிய ஒற்றை மூட்டைக்கு அந்த 5 சதவீதம் வராது. கிலோ 60 ரூபாய் என்றால் 25 கிலோவுக்கு 1,500 ரூபாய், அதன் மேல் வரி 75 ரூபாய். 26 கிலோ மூட்டை வாங்குபவர் அதை மிச்சப்படுத்துகிறார். ஆனால் இரண்டு மூட்டைகளுக்கும் கிலோ விலை எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வராதீர்கள், சில கடைகளில் வித்தியாசம் விலையிலேயே கரைந்துபோகிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் 26 கிலோ வாங்கிக் கடைசிப் பத்துக் கிலோவை வண்டுக்கு விடுவதைவிட, வாரத்திற்கு ஐந்து கிலோ அளந்து வாங்குவதே என் கணக்கில் லாபம், அதற்கும் வரி இல்லை.

பத்துக் கிலோப் பைகள் மூன்றை ஒரு பெரிய சாக்கில் போட்டு 30 கிலோ என்று விற்றால் விலக்கு கிடைக்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பையும் தனித்தனியாக விற்கத்தக்க உறை என்பதால் 5 சதவீதம் உண்டு. கடைக்காரர் உங்கள் கண்ணெதிரே சாக்கிலிருந்து அள்ளி, பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டினால், அது உறையில் இருந்தாலும் அளந்ததுதான்.

பால் பொருள்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆவின் பால் பாக்கெட்டுக்கு வரி இல்லை. அதே நிலையத்தில் வாங்கும் தயிர், மோர் பாக்கெட்டுக்கு 5 சதவீதம். வெண்ணெய், நெய்க்கு எப்படி வாங்கினாலும் 5. கட்டிய பன்னீர் முன்பு 5 சதவீதத்தில் இருந்தது, இப்போது வரியில்லை.

5. உறையைப் பொறுத்து மாறாத பொருள்களை இப்போது நிரப்புங்கள்

காய்கறி, பழம், முட்டை, பச்சை மீன், உறையவைக்காத இறைச்சி, காயோடு வெட்டித் தரும் இளநீர், உப்பு, புளி, அப்பளம், ரொட்டி, பூசைக்கான விபூதி, குங்குமம், கண்ணாடி வளையல், மண்பானை ஆகியவற்றுக்கு வரி இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததால் அது தனிப் பொருளாகிவிட்டதோ என்று ஒரு பெண்மணி கேட்டார். கத்தரிக்காய் கத்தரிக்காய்தான், வரி இல்லை.

சமையல் எண்ணெய், சர்க்கரை, காய்ந்த மிளகாய், மிளகு, மஞ்சள்தூள், தேயிலை, காப்பித்தூள், இட்லி மாவு, பிஸ்கட், மிக்சர், இனிப்பு வகைகள் ஆகியவற்றுக்கு அளந்து வாங்கினாலும் 5 சதவீதம். செக்கில் ஆட்டிய எண்ணெயைப் பாத்திரம் கொண்டுபோய் வாங்கினால் வரி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். விற்பவர் பதிவில்லாதவராகவோ இணக்கமுறையில் உள்ளவராகவோ இருந்தால் மட்டுமே அது உண்மை. எண்ணெய்க்கு ‘அளந்து வாங்கும் விலக்கு’ என்று ஒன்று கிடையாது. ஆற்காட்டு மக்கன் பேடாவும் இனிப்பு என்ற கணக்கில் 5 சதவீதம்தான்.

குளியலறைப் பொருள்களை ஒரே கூட்டமாக எழுதாதீர்கள். குளியல் சோப்புக் கட்டி, ஷாம்பு, பற்பசை, பல்துலக்கி, தலைக்கு எண்ணெய் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. துணி துவைக்கும் சலவைத்தூள் 18 சதவீதத்திலேயே நிற்கிறது, கை கழுவும் திரவ சோப்பும் அப்படியே. தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. இப்போது இரண்டுக்கும் 5 என்பதால் அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

பள்ளிப் பொருள்களில் நோட்டு, பென்சில், அழிப்பான், பென்சில் சீவி, வரைபடம், பாடப்புத்தகம் ஆகியவற்றுக்கு வரி இல்லை. வடிவியல் பெட்டிக்கு 5. பேனாவுக்கும் பள்ளிப் பைக்கும் 18.

குடிநீர் பாட்டிலுக்கும் கேனுக்கும் 5. சர்க்கரையோ சுவையோ சேர்த்த சோடா வகைகளுக்கு 40. சர்க்கரையோ சுவையோ சேர்த்த கோலி சோடாவுக்கும் சட்டப்படி அதே விகிதம்தான், ஆனால் வெயிலில் வண்டியில் வைத்து விற்பவர் பெரும்பாலும் பதிவில்லாதவர் என்பதால் அவருடைய ரசீதில் அது தெரியாது. இரண்டாம் படியை முதலில் செய்யச் சொன்னதன் பயன் இங்கேதான் தெரியும்.

மின்விசிறி, மிக்சி, கைபேசி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு 18. எவர்சில்வர் பாத்திரம், குக்கர், குடை, மிதிவண்டி ஆகியவற்றுக்கு 5.

6. விலை எல்லை உள்ளவற்றைத் தனியாகப் பாருங்கள்

ஆயத்த ஆடைக்கு ஒன்றின் விற்பனை விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. செருப்பு, ஷூ ஆகியவற்றுக்கும் ஒரு ஜோடிக்கு அதே எல்லை. தைக்காத துணிக்கு விலை எதுவானாலும் 5 என்பதால் அதற்கு இந்தக் கேள்வியே எழாது.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரசீதின் மொத்தத் தொகையை எல்லையோடு ஒப்பிடுவது ஒன்று. 1,500 ரூபாய்ச் சட்டை மூன்று வாங்கினால் மொத்தம் 4,500 ஆனாலும் ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருப்பதால் 5 சதவீதமே. எல்லை என்பது வரி சேர்க்காத விலை என்பதை மறப்பது இன்னொன்று; 2,500 ரூபாய்ச் சட்டை 5 சதவீத வரியோடு 2,625 என்று அச்சாகியிருந்தால் அது தவறில்லை. மற்றது, தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்ப்பது. ஆம்பூரில் 2,999 ரூபாய் அச்சிட்ட தோல் ஷூவை, ரசீதிலேயே தள்ளுபடி காட்டி, வரியோடு 2,399 ரூபாய்க்குக் கொடுத்தால், உண்மையில் விற்ற விலை எல்லைக்குள் வருவதால் 5 சதவீதமே வாங்க வேண்டும். தோல் கைப்பைக்கு இந்த எல்லைச் சலுகை கிடையாது, அதற்கு 18.

திரையரங்கச் சீட்டு 100 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18.

7. சேர்த்துக் கட்டி ஒரே விலைக்கு விற்றவை

இயல்பாகச் சேர்ந்து வராத பல பொருள்களை ஒரே பெட்டியில் ஒரே விலைக்கு விற்றால், உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக விகிதமோ அதுவே முழுத் தொகைக்கும் பொருந்தும். பத்து நோட்டு, ஒரு வடிவியல் பெட்டி, இரண்டு பேனா என்று ஜூன் மாதத்தில் விற்கும் பள்ளித் தொகுப்பில், வரியில்லாத நோட்டுக்கும் பேனாவின் 18 சதவீதம் ஏறிவிடும். தீபாவளிப் பரிசுப் பெட்டியில் சோடா பாட்டில் ஒன்று இருந்தால் கதை இன்னும் மோசம். தனித்தனி விலையோடு ரசீது போடச் சொல்லி வாங்குங்கள்.

8. சேவைகள்: உணவகம், மருத்துவமனை, விடுதி

உணவகத்தில் சாப்பிடுவது பொருள் வாங்குவதாகாது, அது சேவை. ஆகவே உள்ளே இருக்கும் பண்டத்தின் விகிதத்தைத் தேட வேண்டாம். கடையில் பாக்கெட்டில் வாங்கும் பரோட்டாவுக்கு வரி இல்லை. அதையே முழுப் பதிவு பெற்ற உணவகத்தில் சால்னாவோடு சாப்பிட்டால் 5 சதவீதம். சீரகச் சம்பா பிரியாணியைக் கட்டி வாங்கி வந்தாலும், குளிர்சாதன அறையில் சாப்பிட்டாலும் அதே 5. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் உணவகத்தில் மட்டும் 18.

செயலி வழியாக வரவழைத்தால் கணக்கு மாறும். நேரில் வரி போடாத சிறு மெஸ்ஸின் உணவுக்கும் அங்கே 5 சதவீதம் உண்டு, ஏனென்றால் கட்ட வேண்டிய பொறுப்பு செயலி நிறுவனத்தைச் சேர்கிறது. கொண்டுவந்து சேர்க்கும் கட்டணத்திற்கு 18.

சேவைக் கட்டணம் என்று ரசீதில் இருப்பது வரி இல்லை. அது அரசுக்குப் போவதும் இல்லை. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மருத்துவச் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத அறையின் வாடகை நாளொன்றுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்த வாடகைக்கு 5 சதவீதம். மருந்துக் கடையில் வாங்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு 5. புற்றுநோய், அரிய நோய் ஆகியவற்றுக்கான சில மருந்துகளுக்கு வரி இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு 5.

சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருவோர் நாள் கணக்கில் தங்கும் விடுதிகளில், 7,500 ரூபாய் வரையிலான நாள் வாடகைக்கு இப்போது 5 சதவீதம். என் உறவினர் ஒருவர் தங்கிய விடுதி, விகிதம் இறங்கி ஒரு மாதம் கழித்தும் பழைய 12 சதவீதத்தையே அச்சிட்டுக் கொடுத்தது. கணினியில் மாற்றவில்லை என்றார்கள். ரசீதைக் காட்டிப் பேசியதும் மிகுதியைத் திருப்பித் தந்தார்கள். மாணவர் விடுதி போன்றவற்றில் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமலும் தங்கினால் வரி இல்லை.

காட்பாடி சந்திப்பில் ஏறும் ரயிலில் சாதாரணப் பெட்டிக்கும் படுக்கை வசதிப் பெட்டிக்கும் வரி இல்லை, குளிர்சாதனப் பெட்டிக்கு 5. கைபேசி ரீசார்ஜுக்கு 18. தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் தவணைக்கு இப்போது வரி இல்லை.

9. தொகையிலிருந்து வரியைப் பிரித்தெடுங்கள்

உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் உள்ளடங்கியது. அதன் மேல் மறுபடி வரி போடுவது தவறு. அந்த விலைக்குள் எவ்வளவு வரி என்று அறிய, விலையை நேரடியாக 5 சதவீதத்தால் பெருக்கக் கூடாது. 5 சதவீதப் பொருள் என்றால் தொகையை 105 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்குங்கள். 18 சதவீதம் என்றால் 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்குங்கள்.

உங்கள் நோட்டில் 5 சதவீதப் பொருள்கள் மொத்தம் 2,100 ரூபாய் என்றால், அதில் வரி 100. சலவைத்தூள், பேனா முதலிய 18 சதவீதப் பொருள்கள் 590 ரூபாய் என்றால், அதில் வரி 90. சிறிய தொகைதானே என்று 18 சதவீதப் பொருள்களை எழுதாமல் விடுபவர்கள் ஏறக்குறையப் பாதி வரியைத் தவறவிடுகிறார்கள்.

ரசீதின் அடியில் சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 என்று இரண்டு வரிசைகள் இருக்கும். இவை ஒரே 5 சதவீதத்தின் மத்திய, மாநிலப் பங்குகள். ஒன்றை மட்டும் எழுதுவதும், இரண்டு தனி வரி என்று சண்டைக்குப் போவதும் புதியவர்களிடம் சமமாகவே நடக்கின்றன. வெளிமாநிலத்திலிருந்து இணையவழியில் வந்த பொருளில் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரிசையாக இருக்கும், அளவு மாறாது.

10. தவறு தெரிந்தால்

முதலில் கடையிலேயே கேளுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கணினியில் பழைய விகிதம் கிடந்ததால் வந்தவை, வேண்டுமென்றே செய்தவை குறைவு. இணக்கமுறைக் கடை வரி வாங்கியது, அச்சிட்ட விலைக்கு மேல் வரி போட்டது, பதிவு எண் பொய்யானது ஆகிய மூன்றையும் மட்டும் கணினி மீது போட முடியாது. கடைக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால், ரசீதையும் உறையின் விலை அச்சான பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வெப்பத்தில் அச்சாகும் ரசீது சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால், படத்தை வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள்.